ஒரு தடவைக்கா, மறு தடவைக்குமா?

டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவரோடு மருத்துவமனையிலிருந்து ஒரு பையும் வீட்டுக்கு வந்து சேரும். பாதி தீர்ந்த பஞ்சுச் சுருள், பிரிக்காத இரண்டு சிரிஞ்ச், நெபுலைசர் மாஸ்க், யூரின் பை, ஒரு ஜோடி கையுறை. வீட்டுப் பெரியவர்கள் அதைத் திண்ணையில் கொட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, “இதையெல்லாம் கழுவி வச்சுக்கிடலாமாய்யா?” என்பதைத்தான். உரச்சாக்கைப் பிரித்துத் தைத்துப் படுதாவாக்கி, எண்ணெய் டின்னைத் தானிய டின்னாக்கிப் பழகிய மானாவாரி ஊர்களில் அது நியாயமான கேள்வி. பதில் மட்டும் பொருளுக்குப் பொருள் மாறும்.

முதலில் உறையைப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் 2 என்ற எண்ணை எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தால், அந்தப் பொருளை ஒரே தடவைதான் பயன்படுத்த வேண்டும் என்று தயாரித்தவர் சொல்கிறார். இரண்டாம் தடவைக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார். பொறுப்பை வேறு யாராவது ஏற்றால்தான் இரண்டாம் தடவை என்ற பேச்சே வரலாம். அப்படி ஏற்பவர் மூன்று கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பொருள் யாருடையது? உடம்பில் எதைத் தொட்டது? சுத்தமாகிவிட்டது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொண்டோம்? முதல் இரண்டையும் எல்லோரும் யோசிக்கிறோம். மூன்றாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியதுதான்.

எதைத் தொட்டது

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த எர்ல் ஸ்பால்டிங் 1960களில் வகுத்த பாகுபாட்டைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். ரத்தத்துக்குள்ளோ சதைக்குள்ளோ போகும் பொருள் ஒரு வகை: ஊசி, கத்தி, ரத்தக் குழாயில் ஏற்றும் டியூப். இவற்றில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக் கூடாது. வாய், மூக்கு, மூச்சுக்குழாய் போன்ற ஈரமான உட்தோலைத் தொடுபவை இரண்டாம் வகை. நெபுலைசர் கிண்ணம், தெர்மாமீட்டர் எல்லாம் இதில் அடங்கும்; இவற்றுக்கு மிக நல்ல கிருமிநீக்கம் வேண்டும். காயமில்லாத வெளித்தோலை மட்டும் தொடுபவை மூன்றாம் வகை. ரத்த அழுத்தப் பட்டை, வாக்கர், சக்கர நாற்காலி போன்றவை. இவற்றைக் கழுவித் துடைத்தால் போதும்.

வீட்டுக்காரர் தானாக முடிவெடுக்கக்கூடியது மூன்றாம் வகையில் மட்டும்தான். இரண்டாம் வகையில் டாக்டரோ சிஸ்டரோ சொல்லிக்கொடுத்தபடி, அதே ஆளுக்கு மட்டும். முதல் வகையை வீட்டில் மறுபயன்பாட்டுக்குத் தொடவே கூடாது; இன்சுலின் ஊசியைப் பற்றி மட்டும் பின்னால் தனியாக வரும்.

“அந்தக் காலத்துல கம்பவுண்டர் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவச்சுத்தானே ஊருக்கே போட்டார், நாங்க செத்தா போயிட்டோம்?” என்று கேட்கும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கொதிநீர் பல கிருமிகளைக் கொல்லும் என்பது சரி. ஆனால் சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். ஊசித் துளைக்குள் உறைந்த ரத்தம் இருந்தால் கொதிநீர் அதற்குள் ஒழுங்காகப் போய்ச் சேராது. அந்த ஊசியால் வந்த ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் பத்து, இருபது வருடம் கழித்து ஈரலைக் கெடுக்கும்போது, பழைய ஊசியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. செத்தவர்கள் உண்டு, காரணம்தான் எழுதப்படவில்லை.

வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர்

மறுபயன்பாட்டைச் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த ஒரு கரிசல்காட்டு விவசாயி மகன், டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. நம் பக்கத்து ஆட்களில் பலர் அதன் திருநெல்வேலிக் கிளையிலோ மதுரையிலோதான் கண்புரை எடுத்திருப்பார்கள்.

மேலை நாடுகளில் ஒரு கண்புரை அறுவைக்கு ஒரு குப்பைப்பை நிறையும். கவுன், கையுறை, விரிப்பு, சொட்டு மருந்துக் குப்பி, குழாய், உறைகள் எல்லாமே ஒருவருக்குப் பயன்படுத்தியதும் குப்பைக்குப் போகும். அரவிந்தில் அப்படியில்லை. துணி விரிப்புகளைத் துவைத்து நீராவியில் கிருமிநீக்கம் செய்கிறார்கள். கருவிகள் பல செட்டுகளாக இருக்கும். ஒரு செட் மேசையில் இருக்கும்போது இன்னொன்று ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கியில் இருக்கும். ஒரு சொட்டு மருந்துக் குப்பி பலருக்குப் பயன்படுகிறது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே கவுனை மாற்றாமல், கையுறை மேலேயே கிருமிநாசினி தேய்த்துக்கொள்வதும் உண்டு. பாடப்புத்தகம் மட்டும் படித்தவருக்கு இதைக் கேட்டால் பகீரென்றிருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் காசாண்ட்ரா தீல் இங்கே வந்து குப்பையை எடைபோட்டே பார்த்தார். 2017-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு கண்புரை அறுவைக்கு இங்கே சேரும் குப்பை சுமார் 250 கிராம். அந்த அறுவையால் காற்றில் கலக்கும் கரியமில வாயுக் கணக்கு சுமார் 6 கிலோ; இதே அறுவைக்கு இங்கிலாந்தில் கணக்கிட்டதில் இது இருபதில் ஒரு பங்குதான்.

அப்படியானால் கண்ணில் தொற்று கூடியிருக்க வேண்டுமே? இங்கேதான் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. அரவிந்த் ஒவ்வொரு அறுவைக்கும் பின்னால் தொற்று வந்ததா என்று எண்ணிக்கொண்டே வருகிறது. சுமார் 6 லட்சம் கண்புரை அறுவைகளைக் கணக்கெடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைச் செலுத்தத் தொடங்கியபின், 10,000-க்கு 7 என்றிருந்த உட்கண் தொற்று 2 ஆகக் குறைந்தது. ஒரு அறுவை அரங்கில் தொற்று கூடினால் அது அந்த வாரமே எண்ணில் தெரியும். ஏன் என்று தோண்டுவார்கள். கையுறையைத் தேய்த்துப் பயன்படுத்துவதற்கான துணிச்சல் அந்தக் கணக்கு நோட்டிலிருந்து வருகிறது. அந்த நோட்டு இல்லாத ஒரு சின்ன நர்சிங் ஹோம் “அரவிந்திலேயே அப்படித்தான்” என்று சொன்னால் நம்பாதீர்கள்.

டயாலிசிஸ் போகிறவர்களுக்கு

ஒரு தடவைப் பொருள் என்று உறையில் அச்சிட்டிருந்தும், நம் நாட்டில் பல இடங்களில் வெளிப்படையாகவே மறுபடி பயன்படுத்தும் ஒரு பொருள் டயலைசர். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ரத்தத்தை வடிகட்டித் தரும் உருளை அது. உள்ளே மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் இருக்கும். வாரம் மூன்று டயாலிசிஸ் என்றால் வருடத்துக்கு 156. தடவைக்கு ஒரு புதுசு போட்டால் ஒருவருக்கே 156 உருளைகள். ஒன்றை எட்டுத் தடவை பயன்படுத்தினால் 20-க்குள் முடியும். செலவும் குப்பையும் எவ்வளவு குறையும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை ஏழை நாட்டுச் சமாளிப்பு என்று நினைக்கவும் வேண்டாம். 1990களின் இறுதியில் அமெரிக்க நிலையங்களில் ஐந்தில் நான்கு பங்கு இதைச் செய்துகொண்டிருந்தன. டயலைசர் விலை இறங்கிய பிறகுதான் அங்கே அது குறைந்தது.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு வரையறை உண்டு. டயாலிசிஸ் முடிந்ததும் உள்ளே தங்கிய ரத்தத்தைச் சலைன் விட்டு நோயாளிக்கே திருப்பிவிடுவார்கள். பிறகு ஆர்.ஓ. தண்ணீரை முன்னும் பின்னும் அழுத்தத்தோடு ஓடவிட்டுக் கழுவுவார்கள். அடுத்து அளவுச் சோதனை. குழல்களுக்குள் எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று அளப்பார்கள்; புதிதாக இருந்தபோது பிடித்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த டயலைசரைத் தூக்கியெறிய வேண்டும். அடைத்த குழல்கள் ரத்தத்தை வடிகட்டாது. நோயாளி நாலு மணி நேரம் படுத்திருந்தும் அழுக்கு இறங்காது. தேறினால் பெராசெட்டிக் அமிலம் போன்ற மருந்தை நிரப்பி, அது வேலை செய்யும் நேரம் முழுக்க, பொதுவாக ஓர் இரவு, மூடி வைப்பார்கள். அடுத்த தடவைக்கு முன்னால் மருந்து முழுக்கக் கழுவப்பட்டதா என்று சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் டயலைசரை மறுபடி பயன்படுத்துவதே கூடாது. அவருக்கு இயந்திரமும் தனி.

நோயாளியும் கூடப் போகிறவரும் பார்க்க வேண்டியவை என்னென்ன? டயலைசர் மேல் ஒட்டிய பெயரைப் படியுங்கள். நம் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று மாரியப்பன்கள் டயாலிசிஸுக்குப் படுத்திருப்பது அதிசயமில்லை. முத்துலட்சுமி, கருப்பசாமி, கனகராஜ் என்றால் கேட்கவே வேண்டாம். தகப்பனார் பெயரின் முதலெழுத்து, மருத்துவமனை எண், ஊர் மூன்றும் இருக்க வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் வேறு நிறத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். மாட்டும் முன் டெக்னீஷியன் பெயரை உரக்கப் படிக்கட்டும். நீங்கள் “ஆமாம்” என்று சொன்ன பிறகு மாட்டட்டும். இது எத்தனையாவது தடவை, கடைசிச் சோதனையில் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். நோட்டைப் புரட்டி உடனே சொன்னால் நல்ல இடம். “அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்” என்று பதில் வந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள். உருளைக்குள் கறுத்த திட்டுகள், நூல் நூலாக ரத்தக்கட்டி தெரிந்தால் மாட்டவேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலாவில் குத்தும் ஊசி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இரண்டாம் தடவைக்கு ஆகாது. உங்கள் கண்முன் உறையைப் பிரிக்க வேண்டும்.

தொடங்கிய முதல் மணி நேரத்தில் குளிரும் நடுக்கமும் வந்தால், “வெயில்ல வந்தது” என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளாதீர்கள். உடனே சொல்லுங்கள். டயலைசரில் தங்கிய கிருமியோ, அதன் நச்சோ, தண்ணீரோ காரணமாக இருக்கலாம்.

தண்ணீர் என்றதும் நம் பக்கத்து நிலைமையைச் சொல்லியாக வேண்டும். ஒரு டயாலிசிஸில் நோயாளியின் ரத்தத்துக்கு அருகே, மெல்லிய சவ்வுக்கு அந்தப்புறம் ஓடும் நீர் 120 லிட்டர். கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். குடிக்க அது தேவை. ஆனால் டயாலிசிஸ் நீரில் குளோரின் மிஞ்சினால் சிவப்பணுக்கள் உடையும். கார்பன் வடிகட்டி அதை எடுத்துவிடுகிறதா என்று ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் சோதிக்க வேண்டும். கோடையில் குழாய்த் தண்ணீர் வராமல் லாரித் தண்ணீர், போர்த் தண்ணீர் என்று மாற்றினால் உப்பும் கால்சியமும் மாறும், ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தாலும், மாதாமாதம் கிருமி எண்ணிக்கைச் சோதனை செய்த சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். இதே நீரில்தான் டயலைசரையும் கழுவுகிறார்கள். நீர் கெட்டால் கழுவியதும் கெட்டது.

வீட்டில்

இன்சுலின் ஊசிக்கு மருத்துவம் சொல்வது தடவைக்கு ஒரு புது ஊசி. நடப்பு வேறு என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள், நான்கு நாள் ஒரே ஊசியை ஓட்டுகிறவர்கள் ஏராளம். முனை கண்ணுக்குத் தெரியாமல் மழுங்கி வளையும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி விழும். அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் சீராக உடம்பில் சேராது. ஆகவே ஊசி மிச்சப்படுத்தினால் இன்சுலின் வீணாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்சுலின் வாங்கும்போது சிரிஞ்சும் சேர்த்துக் கேளுங்கள். பணமில்லாமல் மறுபடி குத்தித்தான் ஆக வேண்டிய நாள் வந்தால், அதே ஆளுக்கு மட்டும். மூடியை மாட்டி வையுங்கள். முனையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், வலிக்காமல் இறங்குவதற்காகப் பூசிய சிலிக்கான் போய்விடும். முனை வேறெதன் மீதாவது பட்டால் எறிந்துவிடுங்கள். ஆறாத புண் உள்ளவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் இதையும் செய்யக் கூடாது.

இன்சுலின் பேனாவை, ஊசியை மாற்றிவிட்டால்கூட, கணவனும் மனைவியும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. குத்தி அழுத்தும்போது துளி ரத்தம் பேனாவுக்குள்ளேயே பின்வாங்கி ஏறும். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஸ்பிரிங் பேனாவும் அப்படியே. தெருவுக்கு ஒரு குளுக்கோமீட்டர் இருந்தால் பரவாயில்லை, துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். குத்தும் முனை ஆளுக்கு ஒன்று. இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாமில் உங்களுக்குக் குத்துவதற்கு முன் புது முனையைப் பிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு விரலை நீட்டுங்கள்.

நெபுலைசர் மாஸ்க், கிண்ணம், வாய்க்குழல் இவை ஒரே ஆளுக்குப் பல தடவை ஆகும். தீப்பெட்டி ஆபீஸ் வேலை, பருத்திப் பஞ்சு, வைகாசிப் புழுதி என்று மூச்சுத்தொல்லைக்குக் குறைவில்லாத பகுதி இது; பல வீடுகளில் இந்த இயந்திரம் உண்டு. ஒவ்வொரு தடவையும் மிச்ச மருந்தைக் கொட்டி, கொதித்து ஆறிய நீரில் அலசி, உதறிக் காயவிடுங்கள். நாளுக்கு ஒரு தடவை சோப்பு நீரில் கழுவுங்கள். வேகவைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிநீரில் போடலாம். நம் உப்புத் தண்ணீரில் அப்படியே கழுவினால் மருந்து வரும் நுண்துளையில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். “மெஷின் ரிப்பேர்” என்று கடைக்குக் கொண்டுபோவார்கள். காயவைப்பது மொட்டைமாடியில் வேண்டாம். கரிசல் காற்று கொண்டுவரும் புழுதி ஈரப் பிளாஸ்டிக்கில் ஒட்டும். அடுக்களைக்குள் சுத்தமான துண்டு விரித்து, மேலே மெல்லிய துணி போட்டுக் காயவிடுங்கள். ஆக்சிஜன் இயந்திரத்தின் நீர்ப்புட்டிக்கும் இதே கதைதான்: கொதித்து ஆறிய நீர், தினமும் மாற்றம்.

தண்டுவடம் அடிபட்டவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. பனையிலிருந்து, கிணற்றில், பைக்கிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-லிருந்து இயங்கிவரும் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று வருகிறவர்களும் உண்டு. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை வடித்து, உடனே குழாயை எடுத்துவிடும் முறை இவர்களில் பலருக்கு. அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-ல் சொன்னது இதற்கு அடிப்படை: முற்றிலும் கிருமியற்ற குழாயைவிட, சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் நேரத்துக்கு வடிப்பதும்தான் முக்கியம், சிறுநீர்ப்பை நிரம்பித் தேங்கினால்தான் தொற்று. இன்று கடைகளில் கிடைக்கும் குழாய்களில் ஒரே தடவை என்றுதான் அச்சிட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 150. கூலி வேலைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. டாக்டர் அனுமதித்து, சிஸ்டர் செய்துகாட்டியிருந்தால், அதே ஆளின் குழாயை உள்ளும் புறமும் சோப்பு நீர் விட்டு அலசி, நல்ல தண்ணீரால் கழுவி, உதறி, நன்றாகக் காயவைத்து மூடிய டப்பாவில் வையுங்கள். டெட்டாலில் ஊறப்போட வேண்டாம். விறைத்தாலோ, மங்கினாலோ, கீறல் விழுந்தாலோ எறியுங்கள். காய்ச்சல், கலங்கிய சிறுநீர் என்றால் மறுபயன்பாட்டை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். உள்ளேயே தங்கும் பலூன் குழாய் வேறு. அதைக் கழுவி மறுபடி போடும் பேச்சுக்கே இடமில்லை.

வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் ஏற்றி இறக்கும் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகள் வீடு தேடி வருகின்றன. நாளுக்கு மூன்று நான்கு பை. காலிப் பை கெட்டியாக, தண்ணீர் புகாததாக இருப்பதைப் பார்த்து விதை கட்டி வைக்கவும் ஆடு குட்டிக்கு நீர் வைக்கவும் ஆசை வரும். வேண்டாம். கழிவு நீரைக் கழிப்பறையில் கொட்டி, பையைக் கட்டி ஒதுக்குங்கள்.

கைக்குக் கை மாறலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடியவை வாக்கர், சக்கர நாற்காலி, இரும்புக் கட்டில், கமோட் நாற்காலி, காற்று மெத்தை. ஒரு வீட்டில் மூன்று மாதம் தேவைப்பட்டு, பிறகு வருடக்கணக்கில் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடிக்கும் பொருள்கள் இவை. ஊர்ச் சங்கமோ, கோயில் கமிட்டியோ ஒரு பேரேடு போட்டு வாங்கிக் கொடுத்து வந்தால் ஒரே வாக்கர் பத்துப் பேருக்கு நடக்கும். கொடுக்கும் முன் சோப்பு நீரில் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 3 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து வெறும் நீரால் துடைத்துக் காயவிடுங்கள். பவுடர் புதியதாக இருக்கட்டும். வெயிலில் திறந்து கிடந்த பொட்டலத்தில் வீரியம் இருக்காது. அதோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

பேஸ்மேக்கர் வைத்திருந்தவர் இறந்துபோனால், தகனத்துக்கு முன் டாக்டரை வைத்து அதை எடுத்துவிட வேண்டும். பேட்டரி சூட்டில் வெடிக்கும். எடுத்த கருவியைச் சோதித்துக் கிருமிநீக்கி ஏழை நோயாளிகளுக்கு வைக்கும் ஏற்பாடு வெளிநாடுகளில் உண்டு. மொன்ட்ரியல் இதய நிறுவனத்தார் 2020-ல் வெளியிட்ட கணக்கில், அப்படி வைத்துக்கொண்ட ஆயிரம் பேருக்கும் புதுசு வைத்துக்கொண்டவர்களுக்கும் தொற்றில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை.

கிளினிக் நடத்துகிறவர்களுக்கு

குப்பையைக் குறைக்கச் சிறந்த வழி, ஒரு தடவைப் பொருளை இரண்டு தடவை ஓட்டுவதல்ல. முதலிலிருந்தே பல தடவைக்கென்று செய்த பொருளுக்குத் திரும்புவதுதான். துணிக் கவுன், துணி விரிப்பு, எஃகுத் தட்டு, எஃகுக் கிண்ணம். இவற்றுக்கு ஆட்டோகிளேவ் ஒழுங்காக ஓட வேண்டும். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், சுற்றிக் கட்டிய பொதிக்கு அரை மணி நேரம். டிரம்மைத் திணித்து அடைத்தால் நடுவே நீராவி போகாது. மேலே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் கிருமி செத்துவிட்டது என்று பொருளில்லை. சூடு பட்டது என்று மட்டும்தான் பொருள். வாரம் ஒருமுறை, எளிதில் சாகாத கிருமி வித்துகள் அடங்கிய சோதனைக் குப்பியை உள்ளே வைத்துப் பாருங்கள். ஆட்டோகிளேவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்; வருடம் திரும்புவதற்குள் உள்ளே சுண்ணாம்பு அப்பும்.

அடுத்தது தேவையில்லாத ஊசி. “ஒரு ஊசி போட்டாத்தான்யா கேக்கும்”, “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பா இருக்கும்” என்று நோயாளியே கேட்கிறார், டாக்டரும் மறுப்பதில்லை. அரை லிட்டர் 5 சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு பெரிய துண்டு கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் இருக்கும் சக்திகூட அதில் இல்லை. அதற்காக ஒரு பாட்டில், ஒரு டியூப், ஒரு ஊசி, பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் குப்பைக்குப் போகின்றன. வாய்வழி சாப்பிட முடிந்தவருக்கு அது எதற்கு?

கடைசியில் எங்கே போகிறது

2009 தொடக்கத்தில் குஜராத்தின் மொடாசா வட்டாரத்தில் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பல பத்துப் பேர் இறந்தார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகளே மறுபடி பயன்பட்டிருந்ததும், பழைய பொருள் வியாபாரிகளிடம் அவை குவியலாகக் கிடந்ததும் விசாரணையில் வெளிவந்தன. 2018-ல் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் ஒரு போலி மருத்துவர் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ஒரே ஊசியால் குத்தியதில் டஜன் கணக்கானவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதாகக் கண்டுபிடித்தார்கள். முழுசாக வெளியே போகும் சிரிஞ்ச் யாரோ ஒருவர் உடம்புக்குத் திரும்பி வர வழி இருக்கிறது. வெட்டிய சிரிஞ்சுக்கு அந்த வழி இல்லை.

அதனால்தான் 2016 மருத்துவக் கழிவு விதிகள் நிறம் பிரிக்கச் சொல்கின்றன. ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பையில் எரிக்கப் போகும். டியூப், யூரின் பை, கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்ச் சிவப்பில். அவற்றைக் கிருமிநீக்கித் துண்டு துண்டாக்கி, பிளாஸ்டிக்காகவே மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். ஊசி, பிளேடு குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு ஆலை இருந்தால் மருத்துவமனை தானே எரிக்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மருத்துவமனைக் குப்பையில் 85 சதவீதம் வீட்டுக் குப்பை போலத்தான்; 15 சதவீதமே ஆபத்தானது. பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டினால் அந்த 15 மீதி 85-ஐயும் ஆபத்தாக்கிவிடும். நர்சிங் ஹோம் பின்வாசலில் வேலிக்கருவை விறகோடு சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. பி.வி.சி. டியூப் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும்; ஊசி எரியாது, மண்ணில் கிடந்து ஆடு மேய்க்கும் பிள்ளையின் காலில் ஏறும்.

கேரளத்தின் மருத்துவமனைகளிலிருந்து வந்த கழிவு 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் பகுதிகளில் கொட்டப்பட்டதை ஊர் மறந்திருக்காது. பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் எடுக்கச் சொன்னது. லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. அடுத்த மாநிலத்துக் குப்பை என்பதால் அவ்வளவு கோபம் வந்தது. நம்மூர்க் கிளினிக்கின் குப்பை நம்மூர் ஓடையில் கிடந்தால் வரும் கோபம் அதில் பாதிகூட இல்லை.

வீட்டு ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போடுங்கள். பினாயில் புட்டி போதும். முக்கால் நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே “ஊசி” என்று பெரிதாக எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடமோ கேட்டு ஒப்படையுங்கள். தெருக் குப்பை வண்டியில் போட்டால் அதைக் கையால் கிளறுகிறவர் ஒரு தூய்மைப் பணியாளர். அடுத்த தடவை கிளினிக்கில் உங்களுக்கு ஊசி போட்டு முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். வெட்டும் கருவியில் அந்த ஊசி வெட்டப்படுவதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். வெட்டாமல் தட்டில் வைத்தால், “சிஸ்டர், அதை வெட்டிப் போடுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.